வட்டிக்கு முந்தைய லாபம்

ஷார்ஜா
12.8.1998

அன்புள்ள இளையபெருமாளுக்கு,

ஜாஃபர் சாதிக் எழுதுவது. உறையில் என் பெயரைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டிருக்க மாட்டாய் என்று நம்பி எழுதுகிறேன். இறைவன் கிருபையால் இங்கு நலம். உன் நலமும் நீலாம்பாள் தங்கச்சியின் நலமும் பர்வின் சொல்லித் தெரிந்துகொண்டேன். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் இருவரும் பார்த்துக்கொண்டார்களாம். உன் முகவரி அப்படித்தான் கிடைத்தது. போன் நம்பரும் கிடைத்தது. ஆனால் போனில் என் குரலைக் கேட்டால் வைத்துவிடுவாய். கடிதம் என்றால் பிழை கண்டுபிடிக்கவாவது கடைசி வரி வரை படிப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பரோடு என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடு என்று கம்பெனியில் கேட்கிறார்கள். "இன்னும் மூணு வருஷம்னா அங்கேயே வேற பொண்டாட்டி பார்த்துக்குங்க" என்கிறாள் பர்வின். ராஜகிரி வீட்டில் தனியாக இருந்து அவளுக்கு அலுத்துவிட்டது. எனக்கு இங்கே அலுத்து ரொம்ப நாளாகிறது.

திருவையாற்றுக்குப் பக்கத்தில் துரைராசு என்பவருடைய நவீன அரிசி ஆலை விலைக்கு வந்திருக்கிறது. புரோக்கர் ஒரு அறிக்கை அனுப்பினார். மெட்ராஸில் ஒரு ஆலோசகர் தயாரித்தது. வழவழவென்று காகிதம். வருடத்து எபிட்டா எட்டு லட்சம், அதற்கு ஐந்து மடங்காக விலை நாற்பது லட்சம் என்று போட்டிருக்கிறது. என் பதினெட்டு வருடச் சேமிப்பையும் ராஜகிரி மனைக்கட்டு விற்ற பணத்தையும் சேர்த்தால் மொத்தமே அவ்வளவுதான்.

நாம் பி.காம். படித்தபோது இந்தச் சொல் பாடத்தில் இல்லை. இங்கே எங்கள் மேனேஜர் தினமும் சொல்கிறார். என்ன அர்த்தம் என்று கேட்டால் "லாபம் மாதிரி" என்கிறார். லாபம் வேறு, லாபம் மாதிரி வேறு இல்லையா? கணக்கு விஷயத்தில் நான் நம்பும் ஆள் நீ ஒருவன்தான். அறிக்கையின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். மில்லை வாங்கி ஊருக்கு வரட்டுமா, இங்கேயே கையெழுத்துப் போடட்டுமா? நீ சொல்.

அன்புடன்,
சாதிக்


கும்பகோணம்
30.8.1998

உயர்திரு ஜாஃபர் சாதிக் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பதினெட்டு வருடம் கழித்து என் கணக்கறிவு தங்கள் நினைவுக்கு வந்ததில் மகிழ்ச்சி. ஒரே மண்டியில் ஒரே மேசையில் கணக்கெழுதிய இருவரில் ஒருவர் வளைகுடாவுக்குப் போய்விட்டதை மற்றவர் டீக்கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டார். தாங்கள் மறந்திருக்கலாம். நான் எதையும் மறப்பதில்லை. பிறகு நான் சேர்ந்த நூற்பாலையில், பற்று வரவு என்னிடம் கற்றுக்கொண்டவனையே எனக்கு மேலே உட்காரவைத்தார்கள். அதையும் மறக்கவில்லை. போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். இப்போது கடைக்காரர்கள் சிலருக்கு விற்பனைவரிக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன்.

தங்கள் கேள்விக்கு வருகிறேன். எபிட்டா என்பது சில செலவுகளைக் கழிப்பதற்கு முன்னால் நிற்கும் லாபம். கடனுக்குக் கட்டும் வட்டியைக் கழிப்பதில்லை. வருமான வரியைக் கழிப்பதில்லை. இயந்திரமும் கட்டடமும் பழசாவதற்காக எழுதும் தேய்மானத்தையும் கழிப்பதில்லை. வியாபாரப் பெயர், உரிமம் மாதிரி கையில் பிடிக்க முடியாத சொத்துக்குக் கொடுத்த விலையை வருடாவருடம் கொஞ்சமாக எழுதித் தீர்ப்போமே, அதையும் சேர்ப்பதில்லை. இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டால் தொழில் தன்னளவில் எவ்வளவு சம்பாதிக்கிறது என்று தெரியுமாம். தாராளமயம் வந்ததிலிருந்து மெட்ராஸ் ஆலோசகர்கள் இதைத்தான் ஓதுகிறார்கள்.

துரைராசு மில்லில் இது எடுபடாது. நம் பக்கத்தில் சம்பா அறுவடை தையிலும் மாசியிலும். மில் ஓடுவதோ வருடம் முழுக்க. நெல்லை அறுவடையிலேயே வாங்கி அடுக்கியாக வேண்டும். அதற்கு வங்கியில் கடன் வாங்கி, வருடத்துக்கு நாலு லட்சம் வட்டி கட்டுகிறார் துரைராசு. அரிசி மில்லில் வட்டியும் நெல்லும் ஒன்றுதான், இரண்டும் இல்லாமல் சக்கரம் சுற்றாது. எட்டில் அதைக் கழியுங்கள். தேய்மானம் என்று காட்டியிருக்கும் மூன்றையும் கழியுங்கள். மிஞ்சுவது ஒரு லட்சம். அதற்கு நாற்பது லட்சம் கொடுக்கிறவர்கள் ஷார்ஜாவில் இருக்கலாம், தஞ்சாவூர் ஜில்லாவில் இல்லை.

வாங்க வேண்டாம். அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
சி. இளையபெருமாள், எம்.காம்.

பி.கு.: இதற்குக் கட்டணம் கிடையாது. சென்ட் பாட்டில் எதுவும் அனுப்ப வேண்டாம்.


ஷார்ஜா
14.9.1998

டேய் எம்.காம்.,

உன் 'உயர்திரு'வைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் அறையில் கூட இருக்கும் மலையாளி எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். கோபத்தில்கூட உனக்கு ஒரு கமா தப்பவில்லை.

எங்கள் தெருவில் விசா வந்தவன் விமானம் ஏறும்வரை வாய் திறக்க மாட்டான். கண் பட்டு விசா ரத்தாகிவிடும் என்ற பயம். என் சொந்த மச்சானுக்கே பம்பாயிலிருந்து தந்திதான் கொடுத்தேன். ராஜகிரிக்கு வந்து எங்கள் வீட்டில் அத்தனை நோன்புக் கஞ்சி குடித்தவனுக்கு இது தெரியாதா? தெரிந்தேதான் கோபப்படுகிறாய். படு. நான் குறுக்கே வரவில்லை.

ஆனால் எதையும் மறக்காதவன் ஒன்றை மறந்துவிட்டாயே! நான் வட்டிக்கு வாங்குகிறவனா? வாங்குவதும் கொடுப்பதும் எங்களுக்கு ஹராம். மண்டியில் எல்லோருக்கும் சேமிப்புக் கணக்கு தொடங்கினார்களே, அப்போது என் கணக்கில் வட்டி சேர்க்க வேண்டாம் என்று பேங்க் மேனேஜருக்கு இங்கிலீஷில் விண்ணப்பம் எழுதியது யார்? நீ. எழுதிவிட்டு, "வர்ற லட்சுமியை வேணாங்கறியேடா" என்றாய்.

அந்த நாலு லட்சம் துரைராசு வாங்கிய கடனுக்கு. அவர் கடன் அவரோடு போகும். நான் மில்லை மட்டும்தான் வாங்குகிறேன். கடன் உள்ளவன் கையில் இருந்தாலும் இல்லாதவன் கையில் இருந்தாலும் மில் ஒரே நெல்லைத்தானே அரைக்கும்? அப்படியானால் வட்டியைக் கழிக்காத எண்தான் எனக்குப் பொருந்துகிறது. சரியா, தப்பா? அதை மட்டும் சொல். முடிந்தால் ஒரு நடை நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்.

சாதிக்


கும்பகோணம்
4.10.1998

ஜாஃபர் சாதிக்குக்கு,

வட்டி விஷயத்தில் நீ சொல்வது சரி. உன்னை மறுக்க வழி இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை. யார் எவ்வளவு கடன் வைத்திருந்தாலும் இரண்டு தொழில்களை ஒரே தராசில் வைத்துப் பார்க்கத்தான் எபிட்டா. கடனே வாங்காதவனிடம் போய் அதைக் குறை சொல்லியிருக்கிறேன். நீலாம்பாளிடம் இதைச் சொன்னேன். "அப்ப அண்ணன் ஜெயிச்சுட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு அன்றைக்கு அப்பளம் பொரித்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மில்லுக்குப் போய் வந்தேன். திடமான மில். தார்ச்சாலையை ஒட்டி இருக்கிறது. அவித்த நெல் வாசனை வாசலுக்கு முன்பே வந்துவிடுகிறது. துரைராசு வாய் நிறைய வெற்றிலையோடு, "வாங்க சார், உக்காருங்க" என்று ஒரு பழைய இரும்பு உருளையைக் காலால் என் பக்கம் உருட்டிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. என் அப்பா இந்தப் பக்கத்துப் பண்ணைகளில் கதிரடித்தவர். அவருக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. எம்.காம். படித்த மகனுக்கும் இதுதானா என்று நின்றுகொண்டே இருந்தேன். அப்புறம் பார்க்கிறேன், துரைராசுவே இன்னொரு உருளைமேல் உட்காருகிறார். லாரி டிரைவர் டீ குடிப்பது உருளைமேல். நெல் கொண்டுவந்த பெரிய மனிதர் ஒருவர் துண்டு விரித்து உட்கார்ந்திருப்பதும் உருளைமேல். பூச்செடிகளுக்கு வேலியாகக்கூட உருளைதான். கோபம் போய் எனக்கு வேறு சந்தேகம் வந்துவிட்டது.

"என்னங்க, எங்க பார்த்தாலும் உருளையா கெடக்குது?"

"உமி உரிக்கிற ரப்பர் உருளை சார். ரப்பர் தேஞ்சுட்டா வெறும் இரும்பு. சீசன்ல வாரம் ஒரு ஜோடி போயிடும்."

"இதை எந்தச் செலவுல எழுதுறீங்க?"

"செலவா? மெட்ராஸ் சார் அதையெல்லாம் மிஷின்ல சேத்துட்டாரு. மிஷின் கடையிலதான சார் வாங்குறோம்!"

அவர் எதையும் மறைக்கவில்லை. பெருமையாகவே சொன்னார். உருளையை மிஷின் என்று எழுதினால் அதன் விலை தேய்மானத்துக்குள் போய்விடும். தேய்மானத்தை எபிட்டா கழிக்காது. ஆக எட்டு லட்சத்துக்குள் அந்தச் செலவு வரவே இல்லை. வாராவாரம் தீர்ந்துபோகிற பொருள் எப்படி மிஷின் ஆகும்? மின்சாரக் கட்டணம் மாதிரி அதுவும் அன்றாடச் செலவு. உருளை, சல்லடை, பெல்ட் எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு இரண்டு லட்சம். அதைச் செலவில் எழுதினால் எபிட்டா ஆறு. ஐந்து மடங்கு முப்பது.

முப்பது என்றால் வாங்கு. நாற்பது என்றால் வேண்டாம். கையிலிருப்பது எல்லாம் மில் விலைக்கே போய்விட்டால் தையில் நெல் வாங்க என்ன செய்வாய்? கடனும் வாங்க மாட்டாய். மிஞ்சுகிற பத்தில் முடிந்த அளவு நெல் பிடிக்கலாம். மில் சும்மா நிற்கும் நாட்களில் மற்றவர்கள் நெல்லைக் கூலிக்கு அரைக்கலாம். ஒன்று மட்டும் நினைவில் வை. தேய்மானம் என்று காட்டிய மூன்றில் உருளைச் செலவு இரண்டு போக மீதி ஒரு லட்சம் உண்மையான தேய்மானம். பாய்லர் ஒருநாள் போகும். எபிட்டா அதைக் கேட்காது, பாய்லர் கேட்கும். வருடாவருடம் எடுத்துவைக்க வேண்டும்.

இளையபெருமாள்


ஷார்ஜா
21.10.1998

அன்புள்ள பெருமாள்,

புரோக்கர் போன் செய்தார். துரைராசு நாற்பதிலிருந்து இறங்க மாட்டாராம். ஈரோட்டுக்காரர் ஒருவர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாராம். இங்கே கம்பெனியில் டிசம்பர் பத்துக்குள் பதில் வேண்டும் என்கிறார்கள்.

நான் பேசினால் காரியம் கெட்டுவிடும். ஊருக்கு வரத் துடிக்கிறான் என்று என் குரலே சொல்லிவிடும். நீ பேசு. உனக்குத்தான் யாரைக் கண்டாலும் இளக்கம் கிடையாதே. நீ சரி என்று சொல்கிற விலைதான் என் விலை. தட்டிப்போனால் இங்கே கையெழுத்துப் போடுகிறேன். உன்மேல் வருத்தம் வராது. பர்வினிடம் மட்டும் இன்னும் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை.

முடிந்தால் ஒன்று. என் பணம், உன் கணக்கு. லாபத்தில் உனக்குப் பங்கு. சம்பளத்துக்குக் கூப்பிடவில்லை, கூட்டாளியாகக் கூப்பிடுகிறேன்.

உன்,
சாதிக்


கும்பகோணம்
22.11.1998

அன்புள்ள சாதிக்,

மில் உன்னுடையது. முப்பத்தொரு லட்சம். அந்த ஒன்றுக்கு, குடோனில் பிரிக்காமல் இருக்கும் புது உருளைகளையும் கோணி மூட்டைகளையும் நம் பக்கம் எழுதிக்கொண்டேன்.

மூன்று நடை போக வேண்டியிருந்தது. முதல் இரண்டு நடையும் ஈரோட்டுக்காரர் புராணம். மூன்றாவது நடையில் துரைராசுவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மெட்ராஸ்ல படிச்சவன் எட்டுங்கறான். நீங்க கும்மோணத்துலேந்து வந்து ஆறுங்கறீங்க. நான் யாரை நம்புறது?"

"யாரையும் நம்ப வேண்டாம். ரப்பர் உருளை மாத்தாம ரெண்டு மாசம் மில்லை ஓட்டிக் காட்டுங்க. எட்டுன்னே ஒத்துக்கறேன், நாப்பது வாங்கிக்குங்க."

"அது எப்படி சார் ஓடும்? நெல்லு நெல்லாவே இந்தப் பக்கம் வந்து விழும்!"

சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளிருந்து அவர் மனைவி மங்களாம்பிகை, "அவரு கேட்டதுக்கு நீங்களே பதிலும் சொல்லிட்டீங்க. இனிமே பேச என்ன இருக்கு? பொண்ணு கல்யாணத்துக்கு நாள் நெருங்குது" என்றார். துரைராசு எழுந்துபோய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். பெரிதாகச் சிரித்தார். ஈரோட்டுக்காரர் கதை அத்தோடு முடிந்தது. வங்கிக் கடனை அடைத்து, பத்திரத்தை மீட்டுக் கொடுப்பது அவர் பொறுப்பு. எழுதி வாங்கியிருக்கிறேன்.

கூட்டாளி விஷயம். சம்மதம். ஆனால் பாய்லருக்கான பணத்தை வருடக் கணக்கு முடிக்கும்போது முதலில் எடுத்துவைப்பேன். அதற்குப் பிறகுதான் நீயும் நானும் லாபம் என்ற சொல்லை உச்சரிக்கலாம். உன் சொந்தக்காரர்கள் யாரும் கல்லாப் பக்கம் வரக் கூடாது. என் சொந்தக்காரர்களும்தான். முக்கியமாக என் மைத்துனன்.

விற்பனைவரிக் கணக்கெழுதும் கடைகளில் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். ஒரு துணிக்கடைக்காரர், "உங்களை மாதிரி கடுகடுன்னு இருக்கிற ஆளுக்கு நாங்க எங்க போவோம்?" என்று கேட்டார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். இந்த வயதில் காலையில் எழுந்ததும் போக ஓர் இடம் இருக்கிறது என்று நினைத்தால் நன்றாகத்தான் இருக்கிறது. இதை நீலாம்பாளிடம் சொல்லவில்லை. அவளாகவே புதுச் சட்டைக்குத் துணி எடுத்து வந்துவிட்டாள்.

நேற்று அவளும் பர்வினும் மில்லைப் பார்க்க வந்தார்கள். எபிட்டாவை பர்வினுக்கு முறையாக விளக்க ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டாள். நான் மூச்சு வாங்கியபோது, "அண்ணே, அதெல்லாம் நீங்க பார்த்தா சரியா இருக்கும். இங்கேருந்து ராஜகிரிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்றாள். "ஒன்பதுக்கு இருக்கும்மா" என்றேன். "அப்ப ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடுவாங்களா?" என்று கேட்டாள். அதைக் கேட்கும்போது என்னைப் பார்க்கவில்லை. களத்தில் நெல் கிளறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்துவிடுவான் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆகையால் இரவு ஷிப்டில் உனக்கு இடம் இல்லை. காத்தான் என்று ஒரு அனுபவசாலி இருக்கிறார், அவரிடம் பேசி முடித்தாயிற்று. நீ கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பு.

உன்,
பெருமாள்