ஆபீஸில் போட்ட கையெழுத்து

சின்ன காஞ்சிபுரம்,
ஜனவரி 9.

சத்யப்ரியாவின் அப்பாவுக்கு மஹாலட்சுமி எழுதிக்கொள்வது. உடம்புக்கு இங்கே ஒருவருக்கும் குறைவில்லை. மற்றபடி நல்ல சேதி ஒன்றும் இல்லை. உங்களிடம் எதையும் சொல்லக் கூடாது என்று உங்கள் மகள் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நம் ஒற்றை அறையில் அவள் காதில் விழாமல் போனில் எதைப் பேச? அதனால்தான் மஸ்கட் திரும்பும் உதயகுமார் தம்பியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

டிசம்பரில் பத்து நாள் சஸ்பெண்டு என்றேனே, அது முடிந்து அவள் பள்ளிக்குப் போகிறாள் என்று சொன்னது பொய். டி.சி. கொடுத்துவிட்டார்கள். மார்ச்சில் பத்தாவது பரீட்சை, பெண் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

டியூஷன் முடிய இருட்டிவிடுகிறது என்று நான்தான் அவள் பையில் போனை வைத்தேன். கணக்கு வகுப்பில் அது அடித்தது. கூப்பிட்டது நீங்கள். பழி சொல்லவில்லை, உங்களுக்கென்ன தெரியும்? மிஸ் பிடுங்கினார், இவள் திரும்பப் பிடுங்கினாள், வளையல் உடைந்து மிஸ் கையில் ரத்தம். இவள் செய்தது தப்புதான். மிஸ் காலில் நானே விழுந்தேன்.

மறுநாள் ஆபீஸில் கிளார்க் இரண்டு தாளை நீட்டி, சஸ்பென்ஷனுக்குத்தாம்மா, இங்க ஒண்ணு இங்க ஒண்ணு போடு என்று விரலை வைத்தார். நெசவு சொசைட்டியில் விரல் வைத்த இடத்திலெல்லாம் போட்டுப் பழகிய கை, போட்டுவிட்டது. 'என் சொந்த விருப்பத்தின் பேரில் மகளை நிறுத்திக்கொள்கிறேன், டி.சி. தரவும்' என்று இருந்திருக்கிறது இரண்டாவது தாளில். எனக்குப் படிக்கத் தெரியாதா? படிக்கவில்லை, பாவி.

பதினோராம் நாள் யூனிபார்ம் போட்டு அழைத்துப் போனால் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. ஆபீஸில் கேட்டால், சஸ்பெண்டு என்றால் ரெஜிஸ்டரில் பேர் இருக்குமாம், நாள் முடிந்தால் உள்ளே விட்டாக வேண்டுமாம். டி.சி. வாங்கினால் பேரே கிடையாது. எட்டாவது வரைக்கும் யாரையும் வெளியேற்றக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாம், இவள் பத்தாவது. பள்ளியே நீக்கியிருந்தால் மேலே முறையிடலாம். நான் கேட்டு வாங்கியதால் அவர்கள் நீக்கவே இல்லையாம். கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு நாலு தடவை நடந்தேன். கடைசியில் அந்தத் தாளின் நகலைக் காட்டி, நீயே எழுதிக் குடுத்துட்டு எங்கள வந்து கேட்டுக்கினு இருந்தா இன்னா பண்றதும்மா என்றார்கள்.

அரசுப் பள்ளியில் பரீட்சைப் பட்டியல் போய்விட்டதாம், ஜூனில் வரச் சொன்னார்கள். இவள் எங்கேயும் வரமாட்டேன் என்கிறாள். புத்தகங்களையெல்லாம் பக்கத்து வீட்டு வடிவாம்பாள் மகளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கையெழுத்தைப் பற்றி அவளிடம் சொல்லிவிட்டேன். கத்துவாள், தட்டை வீசுவாள் என்று இருந்தேன். வுடுமா, நீ இன்னா பண்ணுவ, எல்லாம் என்னாலதான் என்று சொல்லிவிட்டு எனக்குச் சோறு போட்டாள்.

அவளுக்கு ஒரு கடுதாசி எழுதுங்கள். படிப்பு போனது உன்னால் இல்லை, உன் அம்மாவால் என்று உங்கள் கையால் எழுதுங்கள். நான் சொன்னால் அவளைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்கிறாள், நீங்கள் சொன்னால் நம்புவாள். காமாட்சி உங்களையாவது நல்லபடியாக வைக்கட்டும். பதினைந்து வயசுப் பெண், இதை ஆயுசுக்கும் தன் தலையில் சுமக்க வேண்டாம். என்னை வெறுத்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
மஹாலட்சுமி