கண்ணாடித் தகட்டில் விசாலத்தின் இடுப்பு

கல்கத்தா, 9 ஆகஸ்ட் 1913, சனி

டிராமிலிருந்து இறங்கும்போது விழுந்து, பத்து நாளாக எழுந்திருக்க முடியாத என் மனைவி விசாலத்தை இன்று எக்ஸ்ரே எடுக்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றச் சொன்னார்கள். இடுப்புக்கடியில் படம் பதியும் கண்ணாடித் தகட்டை வைத்து, பாதங்கள் திரும்பாமலிருக்க மணல்மூட்டைகளை அணைவாக வைத்தார்கள்.

"ஏன்னா, சுடுமா?" என்றாள்.

"சுடாதாம். அசையாம இரு."

இயந்திரம் படபடவென்று பொரிந்தது. அவள் அசையவில்லை.

பிறகு வங்காளி டாக்டர் என்னைத் தனியே அழைத்துத் தகட்டை வெளிச்சத்தில் காட்டினார். தொடையெலும்பு இடுப்போடு சேருமிடத்தில் முறிந்திருந்தது. இனிக் கோலில்லாமல் நடக்க மாட்டாள் என்றார். எனக்கு அழுகைகூட வரவில்லை. சரி என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "நவராத்திரிக்குள்ள நடந்துடுவேனோல்லியோ?"

"நடந்துடுவே."

"பொய் சொல்றப்போ நீங்க என் முகத்தைப் பார்க்க மாட்டேள்."

அப்போதும் நான் பார்க்கவில்லை.