பூசாத குப்பியின் பச்சை

இன்று காலை பத்தே முக்கால் மணிக்கு, தீர ஆலோசித்து, ஆய்வகக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் கிடக்கும் ஒரு குப்பியைக் குப்பையில் போடுவதில்லை என்று முடிவெடுத்தேன். கூட்டத்துக்கு வந்திருந்தவன் நான் ஒருவன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. குப்பியின் லேபிளில் உன் கையெழுத்து: 'பூச்சு இல்லை'.

நான்கு ஆண்டுகள் ஒரே மேசையில் கேட்மியம் செலினைடு காய்ச்சினோம். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள்கள் புற ஊதா ஒளி பட்டால் மின்னும். துகள் சிறுத்தால் நிறம் பச்சைப் பக்கம் போகும், பெருத்தால் சிவப்புப் பக்கம். வெறும் துகள் மங்கல்தான். அதன் மேற்பரப்பில் உள்ள குறைகள் ஒளியை விழுங்கிவிடும். மேலே துத்தநாக சல்பைடு பூசினால் பளிச்சென்று எரியும். பூச்சில்லாமல் ஒளியில்லை என்பதே என் ஆய்வேட்டின் சாரம். அதைத் தொண்ணூற்றொன்பது ஜனவரி முடிவதற்குள் கொடுத்தால்தான் விண்ணப்பித்திருந்த விரிவுரையாளர் வேலை கிடைக்கும் என்றிருந்தது.

மிச்சமிருந்தது, வெயிலில் பூச்சு தாங்குமா என்று பார்க்கும் சோதனை. அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போன நீ, பூசியது ஒன்றும் பூசாதது ஒன்றுமாக இரண்டு குப்பிகளை மலைப்பாதை வளைவுகள் முழுக்க மடியில் வைத்துக்கொண்டு போனாய். மலைமேல் உங்கள் ஊர் இருக்கும் பெரக்கரை நாட்டில், உங்கள் மிளகு காயும் பாயிலேயே அவையும் ஒரு வாரம் காய்ந்தன. உன் அம்மா தினமும் மிளகோடு சேர்த்து அவற்றையும் புரட்டிவிட்டாராம். மூடியைத் திறந்து முகர்ந்து, காரமில்லை என்றும் சொன்னாராம்.

எட்டாம் நாள் நான் சோளக்காடு நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அடிவாரத்திலிருந்து மிளகு வாங்க வரும் வியாபாரி பாயிடம் கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கு இருந்தது. இருட்டு வேண்டுமென்று நீ, நான், பாய் மூவரும் ஒரு சாக்குக்குள் தலையை நுழைத்தோம்.

"ஏனுங்க, டாக்டர் பட்டத்துக்கு இதைத்தான் படிக்கிறீங்களா?" என்றார் பாய்.

பூசிய குப்பி வழக்கம்போல் மஞ்சளாக எரிந்தது. மங்கிய மஞ்சளாகக் கிடக்க வேண்டிய பூசாத குப்பி, அதைவிடப் பளிச்சென்று பச்சையாக எரிந்தது.

"எங்க யாவாரத்துல இப்படி மின்னுனா அது கள்ளனுங்க" என்றார் பாய்.

"பாயே சொல்லிட்டார். அவசரத்துல வேற குப்பியில லேபிளை ஒட்டியிருக்கே. கிழிச்சுப் போடு" என்றேன்.

"ஒட்டுனவன் நானுங்க. இந்தப் பச்சைய நம்ம ஆய்வகத்துல எந்தக் குப்பியிலயாச்சும் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. சாக்குக்குள் மிளகு நெடி கண்ணைக் கரித்தது.

"பத்து நாள்தான் இருக்குதுன்னு தெரியுமுங்க. மறுக்கா காய வெச்சுப் பாக்காம இதை நான் ஒத்துக்க மாட்டேனுங்க. கோவிச்சுக்கோங்க."

கோபித்துக்கொண்டேன். அடிவாரம்வரை பஸ்ஸில் வேறு இருக்கையில் உட்கார்ந்து வந்தேன். ஆனாலும் புதுக் குப்பிகள் வெயிலுக்குப் போயின. அவையும் பச்சையாகவே எரிந்தன. வெயிலும் காற்றும் சேர்ந்து துகளின் தோலை ஆக்சைடாக்கி, குறைகளை மூடியிருந்தன. அதில் உள்துகள் சிறுத்து நிறமும் நகர்ந்திருந்தது. நாம் பூசாமல் விட்டதை வெயில் பூசியிருந்தது. முடிந்துபோன அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு, நீ அளக்க நான் எழுத, முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

நீ இறந்து மூன்று ஆண்டுகளாகின்றன. எதிர்பாராத ஒளி எந்தக் குப்பியில் தெரிந்தாலும் நான் லேபிளில் கை வைப்பதில்லை. மறுபடி செய்கிறேன். கெடு எதுவானாலும் இனியும் அப்படித்தான்.

ஆய்வேட்டை அடுத்த ஆண்டு கொடுத்தேன். விரிவுரையாளர் வேலைக்கு அதற்குள் வேறொருவரை எடுத்திருந்தார்கள்.