ஒரு மில்லி விலகிய ரோடு

அன்பு மகள் நாதியாவுக்கு, உன் அம்மா குல்சார் பேகத்தின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் திருத்தங்கலில் நாங்கள் எல்லோரும் சுகம், உன் அத்தாவின் வாயும் சுகம். அந்தக் குளிர் ஊரில் நீயும் மருமகனும் நலமாயிருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் உன் அத்தா பிடுங்கித் தன்னைப் பற்றி நல்லதை மட்டும் சொல்லிவிடுகிறார். அதோடு நீ கையெழுத்துப் போட வேண்டிய தாள் ஒன்றும் இதில் இருக்கிறது.

இங்கே ஊரின் மாஸ்டர் பிளானைப் புதுப்பிக்கிறார்கள். இன்னும் இருபது வருடத்துக்கு எங்கே வீடு, எங்கே பட்டாசு கம்பெனி, எங்கே ரோடு என்று கலர் கலராக மேப் போட்டு, ஆட்சேபம் இருந்தால் எழுதித் தரச் சொல்லி ஒட்டியிருந்தார்கள். புது ரோடெல்லாம் சிவப்புக் கோடு. அதில் ஒன்று நம் எதிர்வீட்டுப் பொன்மணி வீட்டின் மேலேயே ஏறியிருந்தது. பதினெட்டு வருடம் பட்டாசு கம்பெனிக்குப் போய், போன தை மாதம்தான் தளம் போட்டாள். “எக்கா, அம்புட்டு எடத்தையும் விட்டுட்டு எங்கன வந்து கோடு போட்டிருக்காக பாருங்க” என்று அழுதாள். ஆறுதல் சொன்னேன். கோடு நம் பக்கம் வரவில்லையே என்று உள்ளுக்குள் நிம்மதிப்பட்டதையும் உன்னிடம் மறைக்கமாட்டேன்.

உன் அத்தா அச்சுப் பார்க்கும் தன் லென்ஸை எடுத்துக்கொண்டு மேப்பைப் பார்க்கப் போனார். அவருக்கு ஊரைப் பார்க்கத் தெரியாது, அச்சைத்தான் பார்க்கத் தெரியும். திரும்பி வந்தவர் டீகூடக் கேட்காமல் அடுப்படிக்குள் நுழைந்து என் ஊறுகாய் ஜாடியைத் தூக்கிக் கீழே வைத்தார். நம் பிரஸ்ஸில் கழிகிற தாளைத்தான் நான் அலமாரித் தட்டுகளில் விரிப்பேன், உனக்குத் தெரியும். ஜாடிக்கு அடியில் கிடந்தது அதே மேப். காலண்டர் சீசன் நெருக்கடியில் வேறொரு பிரஸ்காரர் பிரித்துக் கொடுத்த ஆர்டர், நம் மிஷினில்தான், உன் அண்ணன் கையால் ஓடியிருக்கிறது. ஓரம் வெட்டாத தாள் என்பதால் மூலையில் ரிஜிஸ்டர் குறி அப்படியே இருந்தது. ஒவ்வொரு கலரும் தனித்தனியாக அச்சாவதால் கறுப்புக் குறியின் மேல் சிவப்புக் குறி சரியாக உட்கார வேண்டும். சிவப்பு ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றது. அந்த மேப்பில் ஒரு மில்லி என்றால் தரையில் அறுபத்தைந்து அடியாம். சிவப்பை அதன் இடத்தில் வைத்துப் பார்த்தால் ரோடு பொன்மணி வீட்டை விட்டுவிட்டு, நம் வீட்டுக்குப் பின்னால் பிரஸ்ஸுக்குள் நுழைகிறது. உன் கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் தொப்பி லேசாகச் சாய்ந்திருந்ததற்கே ரிஜிஸ்டர் அவுட் என்று சொன்ன மனிதர் இவர்.

உன் அண்ணன் சைஃபுல்லா, “அத்தா, நாமளா போயி சொல்லணுமாக்கும்? பேசாம இருங்க” என்றான். நானோ அந்தத் தாளை மடித்து மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டேன். என்னோடு முப்பத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியவருக்கு அதை எடுக்க இரண்டு நிமிடம்தான் ஆனது. “குல்சாரு, தப்பா அடிச்ச தாள என்னைக்கு நான் பார்ட்டிக்குக் குடுத்திருக்கேன்?” என்று மட்டும் கேட்டார்.

கருத்துக் கேட்கும் கூட்டத்துக்குப் பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். அரைமணி நேரம் அச்சுப் பாடம் நடத்தினாராம். இவ்வளவு மோசமாக அடித்த பிரஸ் எது என்று அதிகாரி கேட்க, “நம்ம பிரஸ்தான் சார்” என்றிருக்கிறார். மண்டபமே சிரித்திருக்கிறது. கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, ரோடு உண்மையில் எங்கே போகிறது என்று அவர்கள் சொன்னதும் ஒருவரும் சிரிக்கவில்லை. மறுநாள் பொன்மணி தன் கம்பெனியில் வேலை பார்க்கும் நாற்பத்தொரு பேரிடம் ஒரு மனுவில் கையெழுத்து வாங்கி வந்தாள். பின்னால் கிடக்கும் கருவேலங்காட்டு வழியாக ரோட்டைக் கொண்டுபோங்கள், பாய் பிரஸ்ஸைத் தொடாதீர்கள் என்று எழுதியிருந்தது. அதைப் படித்தபோது, மனசுக்குள் நிம்மதிப்பட்டேனே, அதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

ரோடு நம் பிரஸ்ஸின் மேல் ஏறிய அந்தத் திருத்திய மேப்பையும் நம்மிடமே அடிக்கக் கொடுத்தார்கள், இவர் போய் நின்று கேட்டு வாங்கினார். சைஃபுல்லாவை மிஷின் பக்கம் விடவில்லை. ஒவ்வொரு தாளாக லென்ஸ் வைத்துப் பார்த்தார். கடைசித் தாளை என்னிடம் நீட்டி, “ஒரு நூல் வெலகல பாரு” என்று சிரித்தார். பிறகு மிஷினை அணைத்துவிட்டு அதன் மேல் கை வைத்தபடி நின்றுகொண்டே இருந்தார். நான் அழுதுவிட்டேன்.

பிரஸ் இருக்கும் இடம் உன் பேரில் இருப்பதால் நம் ஆட்சேப மனுவில் உன் கையெழுத்து வேண்டும். இருபதாம் தேதிக்குள் இங்கே வந்து சேர வேண்டும், வழக்கம்போல் மறந்துவிடாதே. தலைக்கு எண்ணெய் வை, வெறும் ரொட்டியைத் தின்று பொழுதை ஓட்டாதே. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும் குறையாத பரக்கத்தையும் தருவானாக. புது மேப் ஒன்றும் மடித்து உள்ளே வைத்திருக்கிறேன். உன் அத்தா இத்தனை வருடம் அச்சடித்ததிலேயே சுத்தமானது அதுதான்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
குல்சார் பேகம்