சமதரையில் நின்ற பந்து

பிப்ரவரி 1934, சீமை

அன்புள்ள அக்கா சபுராம்மாளுக்கு, சமையல் சக்கரவர்த்தி மஜீதின் சலாம். உங்கள் மூட்டுவலி தேவலையா? எனக்குச் சுகம்தான். நாலாயிரம் உருளைக்கிழங்கு அவித்ததில் கை ஓய்ந்துவிட்டது, அவ்வளவே.

சனிக்கிழமை துரை என்னைக் கால்பந்து பார்க்கக் கூட்டிப் போனார். ஆடுகிறவர்களுக்கு அதுதான் உத்தியோகமாம்! கூட்டம் நாலு கோடி இருக்கும். பந்து எல்லையைத் தாண்டியதும், நம் கீழ் கோத்தகிரி எஸ்டேட்டில் செய்வதுபோல், அது தேயிலைச் சரிவில் உருண்டுவிடுமுன் பிடிக்கப் பாய்ந்தேன். இங்கே சமதரை. பந்து பத்தடியில் சும்மா நின்றது. நாலு கோடியும் சிரித்தது.

திரும்பினால், துரையும் தடியை ஊன்றிப் பாதி எழுந்திருக்கிறார்.

"உனக்கும் பழக்கம் போகலையா, மஜீத்?"

"எங்கீங்க தொரை போகும்!"

உங்கள் மகள் ஜமீலாவின் நிக்காஹுக்கு ஊர் வர லீவு கேட்கத்தான் கூடப் போனேன், அக்கா. எஸ்டேட்டை விட்டு வந்த அவருக்கு இங்கே என்னைத் தவிர யாருமில்லை. அந்த முகத்தைப் பார்த்தபின் கேட்க நாக்கு எழவில்லை.

நிக்காஹ் தேதியை இரண்டு மாதம் தள்ளி வையுங்கள், எப்படியும் கேட்டுவிடுவேன். யூகலிப்டஸ் தைலம் இரண்டு குப்பி அனுப்புங்கள், துரைக்கு இருமல். மணி அடிக்கிறார், ஓடுகிறேன்.

தம்பி மஜீத்