சிவப்புப் பக்கம் சிவப்பாவே இருக்கும்

அன்புப் பெரியவனுக்கு,

அம்மா எழுதுறேன். இங்க நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம், படி ஏறும்போது மட்டும் அப்பாவோட முழங்கால் வலி எட்டிப் பார்க்குது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கிட்டு நல்லா இருக்கணும். போன்ல பேசினா குறுக்கே பேசி என் வாயை அடைச்சிடுவ, அதான் கடிதம். முழுசாப் படி.

போன ஞாயித்துக்கிழமை நீ அங்க உன் லேப்டாப்ல இருந்தே நான் நோயாளிங்க விவரம் எழுதி வைக்கிற குறிப்பு ஆப்பைத் திறந்து, அழகு பண்ணிட்டேன்னு சொன்னியே, அதைப் பத்தித்தான். ஆசையாத்தான் செஞ்ச, இல்லைங்கல. மறுநாள் நடந்ததைக் கேளு. நான் ஒரு நாளைக்கு ஏழு வீடு ஏறி இறங்கிப் புண்ணுக்குக் கட்டு மாத்துறவ. அன்னிக்கு மூணாவது வீடு, கால்ல ஆறாத புண்ணோட படுத்திருக்குற தையல்காரர், போன மாசம்தான் என் கைக்கு வந்தவர். முதல் ரெண்டு வீட்டுல போட்ட களிம்பு இவருக்கு ஆகவே ஆகாது, பட்டா உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டும். அதனாலதான் அவர் பக்கத்தை ரத்தச் சிவப்புல, கட்டைவிரல் பருமன் எழுத்துல வச்சிருந்தேன். கையுறை மாட்டிக்கிட்டுக் குனிஞ்சு நிக்கும்போது வரி வரியாப் படிக்க முடியாது, நிறம்தான் கண்ணுல படும். அன்னிக்கு எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை, எறும்பு ஊர்ற மாதிரி சாம்பல் எழுத்து. சிவப்பைக் காணோம்னதும் கை பாட்டுக்குக் களிம்பைப் பிதுக்கிடுச்சு. “நர்சம்மா, அது இவருக்கு ஆகாதே”ன்னு அவர் சம்சாரம் சொல்லலைன்னா என்ன ஆகியிருக்கும்? என் விரல் புண்ணுக்கு ஒரு சாண் மேல நின்னுச்சு. இருபத்தாறு வருஷத்துல இப்படி ஒரு தடவைகூட ஆனதில்லை. அந்தக் கையுறையைக் கழட்டிப் போட்டுட்டு, வேற மாட்டிக்கிட்டு, அவருக்கு ஆகுற மருந்தை வச்சுக் கட்டினேன்.

படிக்காம கை வச்சது என் தப்புதான், அதை உன் தலையில கட்ட மாட்டேன். ஆனா சாயங்காலம் சொல்லலாம்னு கூப்பிட்டா, நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள, பழசெல்லாம் பொம்மைக் கடை மாதிரி கண்ணைக் குத்துச்சும்மா, இப்பத்தான் படிச்சவங்க குறிப்பு மாதிரி இருக்குன்னு சிரிச்ச. நான் படிச்சவதான்டா. உன் கண்ணுக்கு லட்சணமா இருக்கணும்னு நான் குறிப்பு எழுதல. அதான் மூணு சாயங்காலம் சமையலை அப்பாகிட்ட விட்டுட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமா மாத்தினேன். ஆகாத மருந்து இருந்தா சிவப்பு, சர்க்கரைக்காரங்க மஞ்சள், ஆறி வர்றவங்க பச்சை, முன்னைவிடப் பளிச்சுனு. போஸ்டர் ஒட்டுற சுவர் மாதிரி இருக்குன்னு அப்பா கிண்டல் பண்ணினார், அப்புறம் தன் மாத்திரைக்கு ஊதாவுல ஒரு பக்கம் கேட்டார். எல்லார் குறிப்பும் ஒரே மாதிரி இருக்கட்டும்னு எங்க மேற்பார்வையாளர் ஆரம்பிச்சாங்க. கையுறையைப் போட்டுக்கிட்டு உங்க போன்ல ஒரு நோயாளியைத் தேடிக் காட்டுங்கன்னேன். தேடினாங்க, தேடினாங்க. இப்ப கூட வேலை செய்ற ரெண்டு பொண்ணுங்களும் சிவப்பு வச்சிருக்காங்க.

கோபம் தீர்ந்துடுச்சு, நீ நோய் நொடி இல்லாம, நினைச்சதெல்லாம் கைகூடி நல்லா இரு. குளிருக்குக் காதை மூடிக்கிட்டுப் போ. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க, கடவுச்சொல்லை மாத்திட்டேன். உன் பிறந்த நாளைப் போட்டுப் பார்க்காதே, இந்தத் தடவை அது இல்லை.

இப்படிக்கு,
பொம்மைக் கடைக்காரி,
உன் அம்மா