ஓராண்டாகத் திறக்காதவை

சோறு குக்கரில் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு இதைப் படி.

"ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்களே, நான் என்ன கொலையா பண்ணிட்டேன்?" என்று காலையில் கேட்டாய். உன்மேல் கோபமில்லை. சொல்ல வாய் வரவில்லை.

என் போனில் வாங்கும்போதே இருந்த அந்தச் சுத்தம் செய்யும் ஆப்பை, "கூப்பிடாம வந்து உக்காந்த சம்பந்தி" என்பாயே, அதை நீக்கவே முடியவில்லை. தினமும் நச்சரிக்கும். திங்கட்கிழமை அதன் வாயை அடைக்க 'சரி' என்று அழுத்திவிட்டேன். ஓராண்டாகத் திறக்காத கோப்புகளை அழித்துவிட்டேன் என்றது. நம் சின்னவன் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய குரல் பதிவுகள் பதினொன்றும் போய்விட்டன. அவன் போன பிறகு கேட்கத் துணிவில்லாமல்தான் அவற்றை நாம் திறக்கவில்லை. வேண்டாதவை என்று அது எடுத்துக்கொண்டது.

போனை எடுத்துக்கொண்டு பழுதுபார்க்கும் கடைக்குப் போகிறேன். மீட்பது கஷ்டம் என்று கடைக்காரர் நேற்றே சொல்லிவிட்டார். இருந்தாலும் போகிறேன்.

மாடி வீட்டு அக்கா வந்தால் அவரிடம் இருக்கும் நம் மாற்றுச் சாவியை வாங்கி வை.

பி.கு: கடைசிப் பதிவில் உன்னைக் கேலி செய்து ஏதோ சொல்லிச் சிரித்தான். சிரிப்பு நினைவிருக்கிறது, சொன்னது நினைவில்லை. உனக்குத் தெரிந்தால் நான் வந்ததும் சொல். நீ அவன் பேச்சை எடுத்தாலே நான் எழுந்து போய்விடுவதாகச் சொல்வாய். இன்று உட்கார்ந்திருப்பேன்.